காயலான் கடையில் காசு தேடி மூன்று மாதம்

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் கும்பகோணத்தில் பழைய பாத்திரமும் இரும்பும் எடைக்கு எடுக்கும் கடைகளைப் பழைய நாணயம் தேடிச் சுற்றி வருகிறேன். இதுவரை 46 காசுகள், செலவு 820 ரூபாய். அதில் 300 ரூபாய் தண்டம், காசுக் கணக்கில் வராதது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வாரமே ஒருவர் ராமர் பட்டாபிஷேகக் காசு ஒன்றை எடுத்துக் காட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818 என்று பொறித்திருந்தது. பார்த்ததும் கை பரபரத்தது, பேரம் பேசி வாங்கிவிட்டேன். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை, யாரோ பிற்காலத்தில் விற்பதற்காகச் செய்த வில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது பூஜை அறையில் இருக்கிறது. அம்மாவுக்கு மகிழ்ச்சி.

அதற்குப் பிறகு சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம். ஒரு பாத்திரக் கடையில் புலி போட்ட 1947 ஒரு ரூபாயை "வெள்ளி தம்பி" என்று 700 சொன்னார். காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. வெள்ளி ஒட்டாது, அந்த ஆண்டு ரூபாய் நிக்கல். "சரி அண்ணே, நிக்கல் விலை சொல்லுங்க" என்றதும் சிரித்துவிட்டு 150க்குக் கொடுத்தார்.

மற்ற 45 காசுகளும் சேர்ந்து 370தான். ஓட்டைக் காலணா மட்டும் ஆறு இருக்கிறது. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் ஓட்டை போட்டு 1943 முதல் 1947 வரை அடித்தது. பாட்டி இதை அரைஞாண் கயிற்றில் கோத்து என் இடுப்பில் கட்டியிருந்தாராம். ஒன்றில் ஓட்டையின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. அதுவும் ஏதோ ஒரு குழந்தையின் இடுப்பில் கிடந்ததோ என்னவோ.

ஆனால் எனக்கு ருசி பிடித்தது நயா பைசாவில்தான். 1957 ஏப்ரல் 1 அன்று 16 அணா ரூபாய் 100 காசு ரூபாயானது, அந்தப் புதுக் காசுக்குப் பெயர்தான் நயா பைசா. ஒரு பைசா முதலில் வெண்கலத்தில் வட்டமாக வந்தது, 1962இல் நிக்கல் பித்தளைக்கு மாறியது, 1965இல் சதுர அலுமினியம் ஆனது. மூன்றையும் வரிசையாக வைத்தால் உலோக விலை ஏறிய கதை கையிலேயே தெரிகிறது. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரக் குறி இருந்தால் பம்பாய், எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா. இந்தக் குறிக்காகவே பூதக்கண்ணாடியும் வாங்கினேன், அது தனிக் கணக்கு.

ஒரு 1957 நயா பைசாவைப் புளி போட்டுத் தேய்த்தது பெரிய முட்டாள்தனம். புதுச் செம்புச் சொம்பு மாதிரி மின்னியது, ஆனால் பல வருடம் படிந்த அந்தக் கருமை போனது போனதுதான். சேகரிப்பவர்கள் அதைத் தொடவே மாட்டார்களாம். இனி தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி.

வெண்கல வரிசையில் 1961 மட்டும் பாக்கி. இரும்புக் கடை அண்ணன் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சில்லறை வந்திருப்பதாகச் சொன்னார், இன்னும் கொட்டிப் பார்க்கவில்லை.