சிவப்புப் பேனையும் சிறப்புப் பிரதியும்

செப்டெம்பர் வந்தால் கொழும்பில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி. ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். முதல் மாதம் கையிலிருக்கும் காசைக் கரைத்துவிட்டு, அடுத்த மாதம் வெளியில் போக வழியில்லாமல் வீட்டில் கிடந்து வாசிக்க வேண்டும் என்பது திட்டம் போலும். யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர். எங்கள் வீட்டிலும் இது ஒழுங்காகத்தான் நடக்கிறது. என்ன, வாங்குவது நான், வாசிப்பது அம்மா.

அம்மா ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் காலமெல்லாம் படிப்பித்து, பென்சன் எடுத்து, முழங்கால் நோவுக்கு வைத்தியம் பார்ப்பதற்காகக் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்தவர். வைத்தியம் முடிந்துவிட்டது, ஆள் திரும்பிப் போகவில்லை. எங்கள் தொடர்மாடியின் பல்கனியிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சாண் கடல் தெரியும். அந்த ஒரு சாணைப் பார்த்தபடி கதிரையைப் போட்டு, மடியில் புத்தகம், கையில் சிவப்புப் பேனை என்று அமர்ந்தால் பின்னேரத் தேநீர் வரை அசைய மாட்டார். பிழை திருத்துவதற்கென்று அவர் புத்தகம் எடுப்பதில்லை. பேனை இல்லாவிட்டால் கண் வரியில் நிற்காதாம். பக்கத்திலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நல்ல நூலகமும் உண்டு. சேர்த்துவிடுகிறேன் என்றேன். "அங்கத்தையான் புத்தகத்தில கோடு போட விடமாட்டினம்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே நான் வாங்க வேண்டியிருக்கிறது.

கண்காட்சி நடக்கும் இடத்தின் முழுப் பெயர் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தால் ஒரு புத்தகம் இலவசமாகக் கொடுக்கலாம். வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாகப் போவார்கள், ரீச்சர்மார் எண்ணிக்கொண்டே பின்னால் ஓடுவார்கள். சிங்களப் பதிப்பகங்களின் கூடாரங்களுக்குள் கால் வைக்க இடமிருக்காது. தமிழ்ப் புத்தகக் கடைகளைத் தேடித்தான் போகவேண்டும், ஆனால் போய்ச் சேர்ந்தால் தெரிந்த முகங்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். பாதி நேரம் சுகம் விசாரிப்பதிலேயே போய்விடும். மீதி நேரம் பெருக்கலில்.

பெருக்கல் என்றால், சென்னையில் அச்சான புத்தகத்தின் பின்மட்டையில் இந்திய விலை இருக்கும். அதன் மேல் நம் ஊர் விலை ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாத புத்தகம் என்றால் மனதுக்குள் கணக்குப் போட வேண்டும். நான் போகும் கடையில் இப்போது நாலால் பெருக்குகிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியதே, அதற்கு முன்பு இதைவிடக் குறைவாகப் பெருக்கினாலே அங்கலாய்ப்போம். அந்த வருடம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அம்மாவுக்கு அது இன்றுவரை ஆறாத மனக்குறை. பரீட்சை இல்லாத தவணையும் ஒரு தவணையா என்பார். பிறகு 2024இல் புத்தகத்துக்கும் 18 வீதம் வற் வரி வந்தது. இப்போது 350 ரூபாய் இந்திய நாவலை எடுத்தால் 1400. நான் அதைக் கையில் வைத்து, முன்னுரை வாசித்து, பின்மட்டை வாசித்து, அட்டைப்படத்துக்கு ஓவியம் யார் என்று பார்த்து, திரும்பவும் வைத்துவிட்டு, வாசல்வரை போய், திரும்பி வந்து வாங்குவேன். கடைக்காரருக்கு இது பழக்கம். நான் வாசலுக்குப் போகும்போதே பில் எழுதத் தொடங்கிவிடுவார்.

காசு முடிந்த பிறகும் ஆசை முடியாது. அதற்குத்தான் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகள். வீதியோரமாக அடுக்கடுக்காகச் சிங்களமும் ஆங்கிலமும். தமிழ் வேண்டுமென்றால் அடியில் இருக்கும் பெட்டியை இழுக்க வேண்டும். இந்த முறை இழுத்த பெட்டிக்குள் 'மல்லிகை' இதழ்கள் சில இருந்தன. 1966இல் எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பிறகு கொழும்புக்குக் கொண்டுவந்து, 2012 வரை நடத்திய சஞ்சிகை. தானே கையில் எடுத்துக்கொண்டு போய் விற்றவர். அட்டையில் ஒவ்வொரு மாதமும் ஒரு எழுத்தாளரோ கலைஞரோ முகம் காட்டுவார். அம்மா இதழைக் கையில் எடுத்ததும் நேரே 'தூண்டில்' கேள்வி பதிலுக்குப் போனார். பழைய மாணவர் யாராவது கேள்வி கேட்டிருக்கிறாரா என்று பார்க்கிறாராம்.

அதே பெட்டியில் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் போட்ட ஒரு கெட்டி மட்டை நாவல். அம்மா அதை முழுதாக வாசித்து முடித்தார். பேனை மூடியைக்கூடக் கழற்றவில்லை. "இவ்வளவு தூரத்தில இருந்து அச்சடிச்சிருக்கிறாங்கள், ஒரு ஒற்று விடேல்லையடா" என்று எனக்குச் சொன்ன விதத்தில், கொழும்பு அச்சகங்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் முகாமையாளர் போலிருந்தது. கடைசிப் பக்கத்தில் 'ஏ' போட்டுக் கீழே ஒப்பம் வைத்திருந்தார்.

ஓம், புள்ளி போடுவார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக் கணக்குத்தான். 75இலிருந்து ஏ, 65 பி, 50 சி, 35 எஸ். காரணமும் எழுதுவார்: "முடிவு அவசரம்", "நடுவில் 40 பக்கம் தேவையில்லை", "நாயகனுக்கு வேலை வெட்டி இல்லையா?" எனக்கு இதெல்லாம் பிரச்சினையில்லை. நான் வாசிப்பதற்கு முன்பே கதை என் காதுக்கு வந்துவிடுவதுதான் பிரச்சினை. இரவு புட்டைக் கோப்பையில் போடும்போதே முடிவு வந்து விழும்.

"தம்பி, அந்த நீல மட்டைப் புத்தகம் கட்டிலடியில வைச்சிருக்கிறாய் என்ன? அவள் கடைசியில அவனைக் கட்டேல்லை. கனடாவுக்குப் போறாள்."

"அம்மா, நான் இன்னும் தொடங்கவே இல்லை."

"அப்ப நல்லதாப் போச்சு. இனித் தொடங்கத் தேவையில்லை."

ஒரு துப்பறியும் நாவலை மட்டும் முடிவு தெரியாமல் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். பஸ்ஸில் வைத்து வாசிக்கிறேன். 100ஆம் இலக்க பஸ், காலி வீதி, பம்பலப்பிட்டியில் நெரிசல், எல்லாம் வாசிப்பதற்குத் தோதாக இருக்கிறது. 12ஆம் பக்கத்தில் கணக்கப்பிள்ளை ஒருவர் வந்து, குடையை வைத்துவிட்டுப் போகிறார். அவர் பெயரின் கீழ் சிவப்புக் கோடு. ஓரத்தில் அழகான கையெழுத்தில்: "இவரைக் கவனிக்க." கொள்ளுப்பிட்டி வருவதற்குள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இனி ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு வருவோம்.

என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் முதல் சிறுகதைத் தொகுதி போட்டார். வாசிப்பு மாதம் என்று பார்த்து ஒக்டோபரில் விழா வைத்தார். வாசிப்பு மாதம் சரி, வானத்துக்கும் அது இடி மாதம். பின்னேரம் ஆனால் கொழும்பில் கொட்டும். அன்றும் மூன்று மணிக்கே இருட்டி, நாலு மணிக்குக் காலி வீதியில் ஓட்டோக்கள் நீந்தின. நடந்து போகிற தூரம் என்பதால் நான் போனேன். மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. கதிரைகள்தான் காலியாக இருந்தன.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் விழாக்களில் முதற்பிரதியைப் புரவலர் ஒருவர் பெற்றுக்கொள்வார். பிறகு 'சிறப்புப் பிரதி' என்று ஒரு நீண்ட பட்டியல் வாசிக்கப்படும். பெயர் வந்ததும் மேடையேறி, என்வலப்பை நீட்டி, புத்தகத்தை இருவருமாகப் பிடித்து, கமராவைப் பார்த்துச் சிரித்து, இறங்க வேண்டும். புத்தகத்தின் விலை 800 என்று பின்மட்டையில் இருந்தாலும் என்வலப்புக்குள் யாரும் 800 வைப்பதில்லை. இங்கே தமிழ்ப் புத்தகம் போடுவது பெரும்பாலும் எழுதியவரின் சொந்தச் செலவு. அச்சகக் கடன் அடைவது அந்த என்வலப்புகளால்தான். அதனால் இந்த வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

அன்று பட்டியலில் இருந்தவர்கள் மழையில் இருந்தார்கள். அறிவிப்பாளர் ஒரு பெயரை வாசிப்பார், சபையைப் பார்ப்பார், அடுத்த பெயருக்குப் போவார். பட்டியல் தீர்ந்தது, மேசையில் புத்தகங்கள் தீரவில்லை. மனிதர் சளைக்கவில்லை, கண்ணில் பட்டவர்களைக் கூப்பிடத் தொடங்கினார். "நடு வரிசையில் நீலச் சேட்டு அணிந்து வீற்றிருக்கும் இலக்கிய ஆர்வலர் அவர்களை அன்போடு அழைக்கிறோம்." நான் குனிந்து பார்த்தேன். சேட்டு நீலம்.

பக்கத்தில் இருந்த ஐயா என் முகத்தைப் பார்த்தே நிலைமையை விளங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து வெறும் என்வலப் ஒன்றை உருவி, மெல்ல என் கையில் வைத்தார். "இதுகளுக்கு வாறதெண்டா நான் கூடக் கொண்டுவாறனான், தம்பி." என்வலப் கிடைத்தது, உள்ளே வைப்பதற்குப் பேர்ஸைத் திறந்தால் ஒரு இருபது ரூபாயும் ஒரு ஐயாயிரமும். இருபதை வைத்தால் பெயர் போகும். என்வலப்பில் பெயர் எழுதாமல் கொடுத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் ஐயா பேனையையும் நீட்டிவிட்டார். ஐயாயிரம் போனது. படத்தில் எனக்குக் கண் மூடியிருக்கிறது.

பிறகு நயவுரை. பேசியவர் ஒவ்வொரு கதையையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா தோற்றார் போங்கள். சிற்றுண்டிக்கு றோல்ஸும் பற்றிஸும் நூறு பேருக்கு வந்திருந்தன, வந்திருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. ஐயாயிரத்தில் ஒரு பங்கை அங்கேயே மீட்டேன்.

அடுத்த வாரம் அம்மா தொகுதியை முடித்தார். புத்தகத்துக்கு அம்மை போட்டதுபோல் பக்கமெல்லாம் சிவப்பு. கடைசியில்: "49. எஸ். கவனமெடுத்தால் சி கிடைக்கும்." ஒரு புள்ளி போட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன். "நான் அப்பிடிப் போடுறதெண்டா ஆயிரம் பிள்ளையளுக்குப் போட்டிருக்கோணும்" என்றார். மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஞாயிறு அண்ணை ஒரு சீப்பு கதலிப்பழத்தோடு வந்து நின்றார். ரீச்சர் வாசித்தவவோ என்று வாசலிலேயே கேட்டார். நான் புத்தகம் ஒருவரிடம் போய்விட்டது என்று சொல்ல வாயெடுக்கும்போது, அம்மா அதைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அண்ணை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தேநீரில் ஆடை படிந்தது. நான் கதலிப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

"ரீச்சர், இந்த 'விளக்கை அனைத்தான்'..."

"ஓம். நாலு கதையில அப்பிடித்தான் கிடக்கு. மூண்டு சுழியெல்லே வரவேணும். உங்கட ஆக்கள் ஒருத்தரும் விளக்கை நூக்கவே இல்லை, விடிய விடிய எரியுது."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கதையள், ரீச்சர்?" என்றார்.

"மூண்டாவது கதையில அந்தத் தாய் மழைக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கிறாளெல்லே. அந்த இடத்தில நான் பேனையை வைச்சிட்டு வாசிச்சனான்."

அண்ணை அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தார். உண்மைதான், அங்கே ஒரு கோடும் இல்லை. 'சந்தித்தாள்' என்பதில் ஒரு எழுத்தே விடுபட்டிருந்தது, அம்மா அதைக்கூடத் தொடவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். விழாவில் அத்தனை பேர் மேடையில் பேசியும் வராத சிரிப்பு.

போகும்போது, "தம்பி, இதை நான் கொண்டு போகட்டே? ரெண்டாம் பதிப்புக்கு இதைவிட நல்ல மெய்ப்பு கிடையாது" என்றார். ஐயாயிரம் ரூபாய்ப் புத்தகம் லிஃப்டில் இறங்கிப் போய்விட்டது. நான் அதில் ஒரு கதையும் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையுமில்லை, நயவுரை கேட்டேனே.

போன கிழமை இரண்டாம் பதிப்புக்கான அழைப்பிதழின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தைப்பொங்கல் முடிந்து விழா. வாழ்த்துரை அம்மா. போன் திரையில் பேனை வைக்க முடியாது என்பதால், காலி வீதியில் கொம்யூனிகேஷன் ஒன்றில் அச்செடுத்துக் கொடுத்தேன். வரவேற்புரைக்கு ஒரு ஒற்று, நன்றியுரைக்கு ஒரு ஒற்று, மண்டபத்தின் பெயரில் இரண்டு என்று அம்மா சிவப்பால் தாராளமாகவே போட்டுக்கொண்டு போனார். கீழே சிறப்புப் பிரதி பெறுவோர் வரிசையில் முதலாவதாக என் பெயர் இருந்தது. அதில் மட்டும் அவருக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.