ஆடி மாதத்தில் நாதஸ்வரம்

ஆடி பிறந்ததுமே எதிர்வீட்டு அக்கா வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டார்: "வீட்டில் என்ன விசேஷம் தம்பி? ஆடியில் போய் யாராவது கல்யாணம் வைப்பார்களா?"

விசேஷம் ஒன்றும் இல்லை. எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் சில மாதங்களாகச் சாயங்காலமானால் ஒலிப்பது நாதஸ்வரம் மட்டும்தான். வாய்ப்பாட்டு, வயலின், புல்லாங்குழல் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டேன். ஒரே வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டால் காது எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கும் ஆசை. இதுவரை நடந்ததை எழுதிவைக்கிறேன்.

இந்த ஆசைக்கு விதை போட்டது திருவந்திபுரம். முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயில் பக்கம் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரே நேரத்தில் பல கல்யாணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேளம். இங்கே கல்யாணி ராகம், பத்தடி தள்ளி வேறு சுருதியில் மோகனம், இரண்டுக்கும் நடுவில் யாருக்கோ கெட்டிமேளம். அப்படி ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது, தூண் ஓரமாக ஒரு நாதஸ்வரக்காரர் தோடியை நிதானமாக விரித்துக்கொண்டிருந்தார். எதிரில் கேட்க ஒரு ஆள் இல்லை. போட்டோ எடுப்பவர் அவருடைய தோளுக்கு மேலே கேமராவை நீட்டி மணமேடையைப் படம்பிடித்தார். குழலின் விரிந்த முனையான அணசு படச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது என்று கையால் சைகை காட்டி அவரைக் கொஞ்சம் நகரவும் சொன்னார். அவரும் வாசிப்பை நிறுத்தாமலே நகர்ந்துகொண்டார். தாலி கட்டும் நேரத்தில் விரலை ஆட்டிச் சத்தத்தைக் கூட்டுவதோடு நமக்கும் இந்த வாத்தியத்துக்கும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. எத்தனையோ கல்யாணங்களில் என் காதில் விழுந்திருக்கிறது. உட்கார்ந்து கேட்டதாக ஒரு நாள்கூட நினைவில் இல்லை.

தொடங்கியது எல்லோருக்கும் தெரிந்த வாசலில்தான். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் இழையும் 'சிங்கார வேலனே' பாட்டு. ஆபேரி ராகம். அம்மாவுக்கு உயிர். அந்தப் பாட்டில் குரல் ஓய்ந்து குழல் பதில் சொல்லும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அங்கிருந்து அவருடைய கச்சேரிப் பதிவுகளுக்குப் போனேன். பிறகு அவருடைய குருநாதர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தேன். இங்கே வந்தபின் நகர மனமில்லை.

ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்றால் தோடி. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த இடம் மூன்று நிமிடம் சொச்சம். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தார் என்று இன்றும் பேசப்படுகிறவர், அந்தச் சொச்சத்துக்குள் எதைச் சொல்வது, எதை விடுவது என்று எப்படித்தான் தீர்மானித்தாரோ! அவசரம் துளிகூடத் தெரிவதில்லை. காந்தாரம் என்ற சுரத்தில் நின்று அசைக்கும்போது, நேரம் முடியப்போகிறது என்ற பதற்றம் எனக்குத்தான் வருகிறது. உயர்ந்த சுருதியில் கீச்சென்று ஒலிக்கும் குட்டைத் திமிரி நாயனம் புழங்கிய காலத்தில், நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைப் பரப்பியவர் அவர். அந்தக் கனம் பழைய தட்டின் கரகரப்பைத் தாண்டியும் காதுக்கு வருகிறது.

இனி நடைமுறைத் தொல்லை. திறந்தவெளிக்கும் நான்கு மாட வீதிக்கும் பிறந்த வாத்தியத்தை எட்டுக்குப் பத்து அறைக்குள் அடைத்தால் என்ன ஆகும்? சின்ன ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது மண்டைக்குள் ஆணி இறங்கியது. சத்தத்தைக் குறைத்தால் தவில் காணாமல் போனது. ஹெட்போன் அதைவிட மோசம். கடைசியில் ஸ்பீக்கரைப் பின்கட்டில், கிணற்றடிப் பக்கம் வைத்துவிட்டு நான் முன்கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். நடுவில் இரண்டு கதவுகள், ஒரு நடை. கூர்மை மழுங்கி, ஒலி உருண்டு திரண்டு வந்தது. செலவில்லாத வைத்தியம். எதிர்வீட்டுக்கும் கேட்டது இதனால்தான்.

அடுத்த கட்டமாக வேளைக்கேற்ற ராகம் என்ற கோயில் வழக்கத்தை வீட்டில் கடைப்பிடித்துப் பார்த்தேன். விடியலில் பூபாளம், சற்று வெளிச்சம் வந்தபின் மலயமாருதம், மாலையில் பூர்விகல்யாணி, படுக்கப்போகும்போது நீலாம்பரி. வேளையும் ராகமும் ஒத்துப்போகிறதா என்று கேட்டால், பூபாளத்துக்கு ஆமாம் என்பேன். மற்றவை பழக்கத்தால் வருகிற உணர்வு என்றுதான் தோன்றுகிறது. ஒருநாள் காலையில் ஆகிரி ஓடிவிட்டது. காலையில் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று சங்கீதக்காரர்கள் சொல்வதுண்டு. அம்மாவிடம் சொன்னேன். "சமைக்கிறவள் நான். கிடைக்கும், போய்க் குளி" என்றார். ஆனால் முகாரிக்கு மட்டும் அவரும் தடைபோட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் அழுகை ராகம் கூடாதாம். இதில் நான் வாதாடவில்லை.

ஆளுக்கு ஆள் பாணி எப்படி மாறுகிறது என்பது மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தில் பிறந்து, தஞ்சாவூர்ப் பாணியில் மயங்கி நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர். அவர் வாசிப்பில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் ஒழுகுவதுபோல ஓசை நகரும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துக்கு வாசித்த மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களிடம் துத்துகாரம் பளிச்சென்று தெரியும். நாக்கால் சீவாளியைத் தட்டித் தட்டிச் சுரங்களைப் பிரித்துக் காட்டும் அந்த வித்தையை, வேகமான சங்கதிகளில் ஒவ்வொரு மணியாக எண்ணலாம். சீவாளி என்பது குழலின் முனையில் பொருத்தி ஊதுகிற, நாணல் தட்டையில் செய்த சிறு பொருள். அதில் ஈரம் ஏறவேண்டும், உதட்டுக்குப் பதமாக வேண்டும். கச்சேரிப் பதிவுகளில் ஆலாபனைக்கு முன்னால் 'பீ' என்று ஒரு சின்னச் சோதனை ஒலி கேட்கும். கொஞ்சம் மௌனம். மறுபடியும் 'பீ', இந்த முறை சற்றுக் கனிந்து. பிறகுதான் ராகம். வெட்டிச் சீர்படுத்திய பதிவுகளில் இதையெல்லாம் துடைத்துவிடுகிறார்கள். எனக்கு அது இல்லாத பதிவு இப்போது பிடிப்பதில்லை. 'மங்கல இசை' என்ற பெயரில் கீர்த்தனையைப் பாதியில் நறுக்கி அடுத்ததை ஒட்டும் தொகுப்புகளையும் ஒதுக்கிவிட்டேன்.

மல்லாரி மட்டும் வீட்டுக்குள் ஒட்டவில்லை. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் வாசிக்கும் அந்த உருப்படிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. நடையும் கம்பீரமும்தான் அதன் பொருள். சிதம்பரத்தில் ஆனித் தேருக்கும் மார்கழித் தேருக்கும் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே கேட்டவனுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் கால் சும்மா இருப்பதில்லை. அதைத் தெருவுக்கே விட்டுவிட்டேன்.

காது எங்கே வந்திருக்கிறது? தோடியையும் தன்யாசியையும் முன்பு குழப்பிக்கொள்வேன். இரண்டுக்கும் சுரங்கள் ஒன்றே. ஏறும்போது தன்யாசி ரிஷபம், தைவதம் என்ற இரண்டு சுரங்களைத் தாண்டிப்போகும் என்று புத்தகத்தில் படித்திருந்தும் காதில் ஏறவில்லை. நாதஸ்வரத்தில் ஒவ்வொரு சுரமும் பருமனாக வருவதால் அந்தத் தாண்டல் இப்போது தானாகத் தெரிகிறது. தவிலில் வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகள் எழுப்பும் ஒலி எது, இடக்கைக் கழியின் அடி எது என்று பிரித்துக் கேட்கவும் வந்துவிட்டது. தவில் மட்டும் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கணக்கு மட்டும் இன்னும் கைக்குள் அடங்கவில்லை; பாதி வழியில் தாளம் போடும் கை தவிலோடு போய்விடுகிறது. அடுத்து நாதஸ்வரத்துக்கே உரிய ரக்தி என்ற வாசிப்பு வகையை நல்ல பதிவில் தேட வேண்டும்.

இதற்கிடையில் தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மேளம் பேசும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் அரை மணி நேரம் தோடி மட்டும் வாசிக்க முடியுமா என்று குழுவின் பெரியவரிடம் கேட்டேன். தாராளமாக என்றார். ஆனால் மைக் வைப்பவர் குழலின் வாயிலேயே கருவியைச் செருகி எக்கோ வைத்துவிடுகிறார், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று திருப்பிக் கேட்டார். அதையும் நானே ஏற்றுக்கொண்டேன். மைக் செட்டுக்காரரிடம் ஒருமுறை பேசியாகிவிட்டது; எக்கோ இல்லாவிட்டால் எடுப்பாக இருக்காது சார் என்கிறார். பொங்கலுக்கு முன்னால் இன்னொரு முறை போய்ப் பேச வேண்டும்.