ஏசி தண்ணில பொழச்ச நத்தை

ரெண்டு நாளா ஒரு நத்தை மண்டைக்குள்ள ஊர்ந்துக்கிட்டே இருக்கு, எழுதிட்டா இறங்கிடும்னு ஒரு நப்பாசை.

அட்லாண்டிக் கடல் நடுவுல பெர்முடான்னு ஒரு குட்டித் தீவுக்கூட்டம் இருக்குல்ல, அங்க மட்டுமே வாழ்ற தரை நத்தை இது. பொயிசிலோசோனைட்டஸ்னு வாய்ல நுழையாத பேரு. பத்து லட்சம் வருஷமா அங்கயே கிடக்குற பழைய குடும்பம், ஸ்டீபன் ஜே கூல்ட்னு பேர்போன பரிணாம விஞ்ஞானி டாக்டர் பட்டத்துக்கு உக்காந்து அளந்ததே இதுங்களோட ஃபாசில் ஓடுகளைத்தான்.

அப்புறம் மனுஷன் புத்திசாலித்தனம் பண்ணான். வெளியிலேருந்து வந்த வேற ஒரு நத்தை தோட்டத்தையெல்லாம் மேயுதுன்னு, அதைத் தின்ன ஓநாய் நத்தையைக் கொண்டுவந்து விட்டாங்க. அது எப்படி வேட்டையாடும் தெரியுமா, முன்னாடி போன நத்தை விட்டுட்டுப் போன சளித் தடத்தை மோப்பம் பிடிச்சுக்கிட்டே போய்ப் புடிச்சுடும், ஓடவும் முடியாது பாவம். இதுல சொந்த ஊர் நத்தை எது வந்தேறி எதுன்னு அது ஐடி கார்டா கேக்கும்? எல்லாத்தையும் காலி பண்ணிடுச்சு. நாப்பது வருஷமா உயிரோட யாரும் பாக்கல, அழிஞ்சுபோச்சுன்னே முடிவு கட்டிட்டாங்க.

2014ல ஒருத்தர் காயாத புது ஓடு ஒண்ணை எடுத்துட்டு வந்து காமிக்கிறாரு. எங்க கிடைச்சுதாம்? காட்டுல இல்லீங்க, தலைநகரம் ஹாமில்டன்ல ஒரு சந்துல! சுத்தி உசரமான கட்டடம், கீழ குப்பை, மேலேருந்து ஏசி தண்ணி சொட்டிக்கிட்டே இருந்ததால ஈரம் காயல, நாலு பக்கமும் கான்கிரீட்டா இருக்கவும் ஓநாய் நத்தையும் உள்ள எட்டிப் பாக்கல போல. அந்த ஏசியை எவனாச்சும் ரிப்பேருக்குக் கழட்டியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்னு நினைச்சா எனக்கு இப்பவும் பக்குங்குது.

அங்கேருந்து கொஞ்சம் நத்தைங்க ப்ளைட் ஏறி இங்கிலாந்துல லண்டன் ஜூ, செஸ்டர் ஜூன்னு போச்சு. அங்க பெருகினதை ஆயிரக்கணக்குல திரும்பக் கொண்டுவந்து நான்சச்ங்குற சின்னத் தீவுல விட்டிருக்காங்க.

அந்தத் தீவுல கஹோன்னு ஒரு கடல் பறவையும் வளைக்குள்ள குடியிருக்கு. அதையும் முன்னூறு வருஷத்துக்கு மேல அழிஞ்சதுன்னு நம்பி, 1951லதான் திரும்பக் கண்டுபிடிச்சாங்க. செத்துட்டதா எழுதிவச்ச ரெண்டு பேரும் இப்ப பக்கத்து பக்கத்து வீடு.