குதிகால் வலி: பதினோரு மாதத்தில் ஏழு மாதம் எப்படி வீணாய்ப் போனது

எக்ஸ்ரே அறிக்கையில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருப்பதாக ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி நான்கு மாதத்தை விழுங்கிவிட்டது. எலும்பு முள்ளாய் வளர்ந்து உள்ளே குத்துகிறது என்று மனதில் பதிந்துவிட்டால், பிறகு காலை ஊன்றவே பயம்தான். நடையை நிறுத்தினேன், மெத்தென்ற செருப்பாகத் தேடி வாங்கினேன், முடிந்தவரை உட்கார்ந்தே இருந்தேன். வலி குறையவில்லை. கெண்டைக்கால் சதை மெலிந்ததுதான் மிச்சம்.

அந்த முள் வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் இருக்கிறது. வேறு எதற்காகவோ எக்ஸ்ரே எடுக்கும்போது தெரியவரும். வலி முழுக்கப் போன பிறகும் முள் அங்கேயேதான் இருக்கும். "முள்ளைச் சுரண்டி எடுத்தால்தான் சரியாகும்" என்று யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால், கையெழுத்துப் போடாமல் இன்னொரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

வலிப்பது எலும்பு அல்ல. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரை விசிறி மாதிரி விரியும் ஒரு தடித்த நார்ப்பட்டை உள்ளங்காலில் இருக்கிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண் போல இழுத்துப் பிடிப்பது அதுதான். தாங்கும் அளவுக்கு மேல் பல மாதம் இழுபட்டால், எலும்பில் ஒட்டும் இடத்தில் அது நைந்து தடித்துப் போகிறது. டாக்டர்கள் பிளான்டார் ஃபேசியைடிஸ் என்பார்கள், வீட்டுப் பெரியவர்கள் குதிகால் வாதம் என்பார்கள். அடையாளம் எளிது. காலையில் முதல் பத்து அடி உயிர் போகும், நடக்க நடக்கத் தளரும், ரொம்ப நேரம் நின்றால் மாலையில் திரும்ப வரும். பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போதும் அதே கதைதான். குதிகாலின் உள்பக்கம், வளைவு தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் துல்லியமாக அந்தப் புள்ளியில் வலிக்கும்.

இந்த அடையாளத்துக்கு ஒத்துவராத வலியை மட்டும் லேசாக விடாதீர்கள். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து அமுக்கும்போது கடுமையாக வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போதும் விடாத வலி, வீக்கத்தோடு காய்ச்சல், 'பட்'டென்று அறுந்த உணர்வோடு உள்ளங்காலில் ரத்தம் கட்டுவது, இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் மூட்டுவாத டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் எந்தக் கால் வலியையும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் சற்றுக் கூடுதல் என்று வந்ததில் இன்னும் ஒன்றரை மாதம் போனது. பருப்பை நிறுத்தியதில் குதிகாலில் ஒரு மாற்றமும் இல்லை. யூரிக் ஆசிட் வலி பெரும்பாலும் கட்டைவிரல் மூட்டில், திடீரென்று சிவந்து வீங்கி, தொட முடியாத அளவுக்கு வரும். காலையில் வலித்து நடந்தால் தளரும் வலியை அதன் தலையில் கட்டுவது சரியில்லை.

அடுத்தது பிசியோதெரபி. பத்து சிட்டிங், ஒவ்வொன்றிலும் மெழுகு ஒத்தடம், பிறகு கரண்ட் வைப்பது. படுத்திருக்கும் வரை இதமாக இருக்கும், வீடு வந்து சேர்வதற்குள் பழைய வலிதான். பத்தாவது நாள் கிளம்பும்போதுதான் பயிற்சிகள் அச்சிட்ட ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுத்தார்கள். எத்தனை முறை, எவ்வளவு எடை, எப்போது கூட்டுவது என்று அதில் ஒன்றுமில்லை. அந்தத் தாளை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் அவர்கள் கண்முன்னால் செய்து காட்டித் திருத்திக்கொண்ட பிறகு மெஷினில் படுங்கள். மறுபடி நடக்க வைத்தது அந்தத் தாளில் இருந்ததுதான், மெஷின் அல்ல.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசிக்கல் மெடிசின் (உடலியக்க மறுவாழ்வு) பிரிவுக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் போனால் ஓ.பி. சீட்டுகூடக் கிடைக்காது. எக்ஸ்ரே அறிக்கையோடு படத்தையும் எடுத்துப் போங்கள். அறிக்கை மட்டும் கொண்டுபோன அன்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. தினமும் போட்டு நடக்கும் செருப்பையே அணிந்து போங்கள். அதன் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே டாக்டர் பாதி சொல்லிவிடுவார்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த நிம்மதி சில வாரம்தான். எனக்கு ஐந்து வாரம். சரியாகிவிட்டது என்று நினைத்து மறுவாரமே ஐந்து கிலோமீட்டர் நடந்ததுதான் செய்த தவறுகளிலேயே பெரியது. வலி மறைந்ததே தவிர பட்டை ஆறவில்லை. திரும்பி வந்தபோது முன்பைவிட மோசமாக வந்தது. திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் அடியிலுள்ள கொழுப்பு மெத்தை மெலியலாம், பட்டை அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், வலி இல்லாத அந்தச் சில வாரத்தைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்துங்கள். எப்போது தொடங்கலாம் என்று ஊசி போட்ட டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உதவியவை. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. வலிக்கும் காலைத் தூக்கி மற்ற கால் முழங்கால் மேல் போட்டுக்கொள்ளுங்கள். விரல்களின் நுனியைப் பிடிக்காமல், அடிப்பகுதியில் கையை வைத்து, கணுக்காலுக்கு மேலே காலின் முன்பக்க எலும்பை நோக்கி இழுங்கள். மற்ற கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால் பட்டை கயிறு மாதிரி விறைத்து நிற்க வேண்டும். விறைக்கவில்லை என்றால் இழுப்பு போதவில்லை. 10 விநாடி பிடித்து விடுங்கள், இப்படி 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, அதில் ஒரு வேளை கட்டாயம் காலை முதல் அடிக்கு முன்பு. இரவு மூன்று மணிக்குப் பாத்ரூம் போக எழுவதும் முதல் அடிதான், அப்போதும் நாலு முறையாவது இழுத்துவிட்டு எழுந்திருங்கள். கெண்டைக்கால் இழுப்பைச் சுவரில் கை ஊன்றி 30 விநாடி வீதம் செய்ய வேண்டும், முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை. மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சதைக்கு அதுதான் போய்ச் சேரும்.

உண்மையில் ஆளை மீட்டது எடையோடு குதிகால் தூக்குவது. 2014-இல் டென்மார்க்கில் 48 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், இந்தப் பயிற்சி செய்தவர்கள் இழுப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் தெளிவாக நல்ல நிலையில் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் வலியோடு இருப்பவருக்கு இடையிலுள்ள அந்த மாதங்கள்தானே எல்லாம்.

கைப்பிடி உள்ள மாடிப்படியின் கீழ்ப்படி போதும். ஒரு துண்டை இறுக்கச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வையுங்கள், விரல்கள் மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். அப்படி வளைந்தால்தான் பட்டை இழுபட்டு எடையைத் தாங்கும். துண்டு இல்லாமல் செய்வது கெண்டைக்கால் பயிற்சியாக மட்டும் முடிந்துவிடும். வலிக்கும் காலில் மட்டும் நின்று 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, உச்சியில் 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறக்குங்கள். அதற்கு மேல் ஒன்றுகூட முடியாது என்ற நிலை 12-இல் வர வேண்டும். அப்படி 3 சுற்று. இரண்டு வாரம் கழித்து முதுகுப்பையில் எடை சேர்த்து 10 வீதம் 4 சுற்று, இன்னும் இரண்டு வாரம் கழித்து எடையைக் கூட்டி 8 வீதம் 5 சுற்று. ஆய்வில் புத்தகங்களை வைத்தார்கள். ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டுகள் இன்னும் வசதி, எத்தனை கிலோ ஏற்றினோம் என்று கணக்கு தவறாது. மூன்று பாக்கெட்டில் தொடங்கி ஒன்பது வரை வந்தேன். ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலில் தொடங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தவறுவது பெரும்பாலும் நான்கு இடத்தில். தினமும் செய்வது முதல் தவறு, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் செய்ய வேண்டும், இடையிலுள்ள நாள் ஆறுவதற்கு. 'டக் டக்' என்று வேகமாகச் செய்வது இரண்டாவது, வாய்விட்டு எண்ணினால் இது வராது. மேலே போகும்போது கணுக்கால் வெளிப்பக்கம் சாய்வது மூன்றாவது, கட்டைவிரல் பக்கமும் அழுந்த வேண்டும். நான்காவது, செய்யும்போது வலித்தால் பயந்து நிறுத்திவிடுவது. பத்துக்கு நான்கு வரை வலிக்கலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியது மறுநாள் காலை முதல் அடி. அது முந்தின நாளைப் போலவே இருந்தால் எடை சரி. ஏறியிருந்தால் ஒரு பாக்கெட்டைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். நாட்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் காலை வலிக்கு ஓர் எண் போட்டு வந்தால், மூன்றாம் வாரம் "ஒன்றும் முன்னேற்றமில்லை" என்று மனம் சோரும்போது அந்த எண்கள் காப்பாற்றும். என் நாட்காட்டியில் ஏழு இரண்டாக இறங்கப் பதினான்கு வாரம் ஆனது.

செருப்பு பற்றி நிறைய தவறான அறிவுரை கிடைக்கும். மெத்தென்று இருப்பதெல்லாம் நல்லதல்ல. நடுவில் பிடித்து வளைத்தால் விரல்பகுதியில் மட்டும் வளைய வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். குதிகால் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அடிவரை அமுங்கிப் போனால், ஒரு மாதத்தில் அப்பளமாகிவிடும். பின்பக்கம் பட்டையும், குதிகால் சற்று உயர்வாகவும், வளைவுக்குத் தாங்கலும் இருக்க வேண்டும். எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு அழுத்தத்தைப் பரப்பும், ஆனால் தட்டையாக வாங்கினால் வளைவுக்கு ஒன்றும் செய்யாது. சிலிகோன் குதிகால் மெத்தை சில நூறு ரூபாய்தான். அதை ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு வலிக்கத் தொடங்கலாம், இரண்டு காலுக்கும் வையுங்கள்.

வீட்டுக்குள் செருப்பு போடுவதுதான் பெரிய போராட்டம். டைல்ஸ், மார்பிள், கிரானைட் தரையில் வெறுங்காலோடு ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு இரவில் ஒத்தடம் கொடுப்பதில் பயனில்லை. வாசல் தாண்டாத தனி ஜோடி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அது வெளியே போகாத செருப்பு என்று வீட்டுப் பெரியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூஜை அறையிலும் அடுப்படியிலும் தடித்த ரப்பர் மிதியடி போதும்.

செங்கல்லைச் சூடாக்கி எருக்கு இலை வைத்து மிதிப்பது ஒரு மணி நேரம் இதம் தரும். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதைத் தொடவே வேண்டாம், வெந்தது தெரியாமலே புண்ணாகிவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. மாலை வலிக்குத் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, மேலே துணி சுற்றி, பத்து நிமிடம் உள்ளங்காலால் உருட்டுவது எளிது. வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டாதீர்கள், வயிறும் கிட்னியும் பதம் பார்க்கப்படும்.

திரும்ப நடக்கத் தொடங்கியது பத்து நிமிடத்தில். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினேன். பழனி பாதயாத்திரை, திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் என்று வேண்டுதல் இருப்பவர்கள், காலை எண் பூஜ்யத்துக்கு வந்து சில மாதமாவது ஆகட்டும். வெறுங்காலோடு தார்ச்சாலையில் அவ்வளவு தூரம் போவது ஒரே இரவில் எல்லாவற்றையும் திருப்பிவிடும். பயிற்சியை இப்போதும் வாரம் இரண்டு நாள் விடாமல் செய்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நான்கு மணி நேரம் வெறுங்காலோடு நிற்க வேண்டி வந்தது. மறுநாள் காலை நாட்காட்டியில் 3. பையிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்துவிட்டு அதே பயிற்சியைத் தொடர்ந்தேன். ஐந்தாம் நாள் பூஜ்யம்.