அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள்: எஸ்.எஸ்.பி. அனுபவம்

ராணுவ அதிகாரி தேர்வுக்கான எஸ்.எஸ்.பி.க்கு (சர்வீசஸ் செலக்ஷன் போர்டு) இரண்டு முறை போனேன், இரண்டும் பெங்களூருவில். முதல் முறை, முதல் நாள் மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டேன். ஸ்கிரீனிங் என்ற முதல் நாள் வடிகட்டலிலேயே அவுட். இரண்டாவது முறை ஐந்து நாளும் இருந்தேன். அதில் இரண்டாம் நாளின் உளவியல் தேர்வைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது.

நெஞ்சிலும் முதுகிலும் எண் எழுதிய துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே அதுதான் பெயர். நான் 9. முதலில் டி.ஏ.டி., அதாவது படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வு. திரையில் மங்கலான ஒரு படம் 30 விநாடி இருக்கும். அதை வைத்து 4 நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். இப்படி 11 படங்கள். பன்னிரண்டாவது வெற்றுத் திரை, நம் இஷ்டத்துக்கு ஒரு கதை. உளவியல் ஆய்வாளர்கள் ஹென்றி மர்ரேயும் கிறிஸ்டியானா மார்கனும் 1930-களில் ஹார்வர்டில் உருவாக்கிய முறை இது. படத்தில் தெளிவில்லாததை நாம்தான் நிரப்பியாக வேண்டும். கைவசம் இருப்பதைக் கொண்டுதானே நிரப்புவோம்!

அடுத்தது வார்த்தைத் தேர்வு. 60 வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, சட்டென்று தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். நான் ஒரு பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். 'கத்தி' என்று வந்தால் காய் நறுக்க வேண்டும், யாரையும் குத்தக் கூடாது. இருபது வார்த்தை வரை வண்டி ஓடியது. அப்புறம் வந்தது ஒன்றும் என் பட்டியலில் இல்லை. தமிழில் தோன்றுவதை ஆங்கிலமாக்கி முடிப்பதற்குள் அடுத்த வார்த்தை வந்து நிற்கும். நாற்பதைத் தாண்டியபோது நல்ல பிள்ளையாக நடிக்க நேரமே இல்லை. ஏழெட்டு இடம் காலி. பிறகு 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள்; ஒவ்வொன்றிலும் நாம் என்ன செய்வோம் என்று எழுத வேண்டும். அதையும் எப்படியோ ஓட்டினேன்.

கடைசியாக வருவதைப் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று 15 நிமிடத்தில் எழுத வேண்டும். முதல் முறைக்குத் தயாரித்தபோது எல்லாரும் என்னை 'பொறுப்பானவன்' என்று நினைப்பதாக நானே எழுதி வைத்திருந்தேன். இந்த முறை கிளம்புவதற்கு முன்னால் நிஜமாகவே கேட்டேன். அம்மா, "பிடிவாதம் ஜாஸ்தி, ஆனா எடுத்ததைப் பாதியில விடமாட்டே" என்றார். பள்ளிக்கூட நண்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்டா செய்வேடா. கேக்கலைனா பக்கத்துல ஒருத்தன் முழிக்கிறதே உனக்குத் தெரியாது" என்றான். கோபம் வந்தது. ஆனாலும் அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மைதானத்தில் குழுப் பணி. பலகை, கழி, கயிறு, ஒரு பாரம். சிவப்பு அடித்த இடத்தைத் தொடக் கூடாது. பலகையை இரண்டு கட்டைகளுக்கு நடுவே போட்டு முதலில் தாண்டியது நான்தான். அடுத்த தடைக்கு யோசனை சொல்லிக்கொண்டே திரும்பினால், பின்னால் 11-ஆம் எண் பாரத்தோடு பலகையின் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்தார். 14 அதற்குள் அவரிடம் போய்விட்டிருந்தார். அதிகாரி எதுவும் சொல்லவில்லை. எனக்கு நண்பனின் குரல் கேட்டது.

இந்த 14 திருநெல்வேலிப் பக்கம். ஆங்கிலம் தட்டித் தடவித்தான் வரும். இரவு விடுதியில் யார் தேறுவார் என்று பந்தயம் கட்டியபோது எல்லாரும் கை காட்டியது 3-ஐ: ஆறடி உயரம், கணீர்க் குரல், கான்வென்ட் ஆங்கிலம். நானும் அவரைத்தான் சொன்னேன். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே இதை எழுதிவிட்டார், அதுவும் ராணுவத்தை வைத்தே. அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமை, குணம் என்று தனித்தனியாக மதிப்பிட்டும், ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்தே இருந்தார். எஸ்.எஸ்.பி.யில் உளவியலாளர் தாளை மட்டும் படிக்கிறார், நேர்காணல் அதிகாரி பேச்சைக் கேட்கிறார், மைதான அதிகாரி செயலைப் பார்க்கிறார். மூவரும் ஒன்றாக உட்காருவது கடைசி நாள் கான்பரன்ஸில்தான். தார்ன்டைக் சொன்ன கோளாறுக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. விடுதியில் நாங்கள் கட்டிய பந்தயத்தில் இப்படி ஒரு ஏற்பாடும் இல்லை.

கான்பரன்ஸில் எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சாப்பாடு, தங்குமிடம் எப்படி என்று கேட்டார்கள். பிறகு 17 பேரையும் உட்காரவைத்து இரண்டு எண்களை வாசித்தார்கள்: 14, 6. ஆறாம் எண்ணோடு ஐந்து நாளில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எண் துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு பேருந்தில் ஏறினேன். 3 ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார். பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.