வந்தவர்களுக்காக எழுந்த ஊர்

கார்லோவி வாரிக்குக் குடிவந்த புதிதில் எனக்குப் பெரிய ஆறுதல், இங்கே யாரும் எங்களை உற்றுப் பார்க்கவில்லை என்பதுதான். செக் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர். தெருவில் இறங்கினால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஊரின் கதை தெரியத் தெரியத்தான் காரணம் புரிந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து தங்கியே வளர்ந்த ஊர் இது.

எல்லாம் தண்ணீரால் வந்த வாழ்வு. டெப்லா ஆற்றங்கரையில் வ்ரீட்லோ என்ற ஊற்று, சுமார் 73 டிகிரி சூட்டில், நிமிடத்துக்கு 2,000 லிட்டர் அளவுக்குப் பீறிட்டு வருகிறது. 12 மீட்டர் உயரம்வரைகூட எழும்பும். அந்த நீரில் தாது உப்புகள் அவ்வளவு அதிகம். காகித ரோஜாவை அதில் சில நாட்கள் போட்டுவைத்தால் பழுப்பு நிறக் கல்பூவாகிவிடும். மடிப்பு மடிப்பாக இதழ்கள் அப்படியே இருக்கும், தொட்டால் சொரசொரக்கும்.

இந்த நீர் நோய் தீர்க்கும் என்று நம்பி வந்த நோயாளிகள் முன்பெல்லாம் மணிக்கணக்காகத் தொட்டியில் ஊறிக் கிடப்பார்களாம். 18ஆம் நூற்றாண்டில் டேவிட் பெஹர் என்ற மருத்துவர், ஊற்றடியிலேயே நீரைக் குடியுங்கள், கூடவே நடங்கள் என்று வலியுறுத்தினார். என்னைக் கேட்டால் இந்த ஊரின் கட்டடக்கலையே அந்த மருந்துச்சீட்டிலிருந்து பிறந்ததுதான். மழையிலும் நனையாமல் நடக்க வேண்டுமே! அதற்காகத்தான் இந்த நீள நீளமான தூண் மண்டபங்கள். 1871 முதல் 1881 வரை கட்டிய மில்ன்ஸ்கா மண்டபத்தில் மட்டும் 124 தூண்கள். அதை வடிவமைத்த யோசெப் ஸீடெக்தான் பிராகின் தேசிய நாடக அரங்கையும் வடிவமைத்தவர்.

குடிப்பதற்கென்று தனிக் கோப்பை உண்டு. தட்டையான பீங்கான் கோப்பை. அதன் கைப்பிடியே உள்ளே துளையுள்ள குழாய். அதில் வாய் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். சூடும் தெரியாது, தாது நீர் பல்லிலும் அதிகம் படாது. சுவை? வெதுவெதுப்பான உப்பு, பின்னால் லேசாக இரும்பு. ஊற்றில் பிடித்துக் குடிக்கக் காசு கிடையாது. ஆனால் எந்த ஊற்று, எவ்வளவு என்பதை மருத்துவரைக் கேட்டுக் குடிப்பதுதான் முறை.

2021இல் யுனெஸ்கோ ஐரோப்பாவின் 11 ஊற்று நகரங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் இடம்பெற்றது. மண்டபங்களைப் பற்றி நிறையவே எழுதுகிறார்கள். எனக்கு நெருக்கமானது இன்னொரு வரலாறு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கே தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மன் மொழிக்காரர்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள். பிற பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். அப்படி வந்த குடும்பத்தில் பிறந்தவர்தான் எங்கள் மாடி வீட்டுப் பாட்டி. "வந்த புதிதில் என் அம்மாவுக்கும் இங்கே ஒரு தெருகூடத் தெரியாது" என்று சொல்லித்தான் முதல்முறை என்னை ஊற்றுக்கு அழைத்துப் போனார். இன்றைக்கும் சனிக்கிழமை காலையில் அவரோடுதான் நடக்கிறேன். என் செக் மொழிப் பாடமும் அந்த நடையிலேயே முடிந்துவிடுகிறது.