முப்பது மில்லி

மே 14, 2024. செவ்வாய்

அம்மாவின் மூளைக்குள் ரத்தக் கசிவு. வலது பக்கம், ஆழத்தில். டியூட்டி டாக்டர் அவ்வளவுதான் சொன்னார். இடது கையும் காலும் அசையவில்லை. பேச்சு குழறல், பிறகு அதுவும் இல்லை. கொண்டுவந்தபோது பிரஷர் 214/118.

மே 15

பார்வை நேரம் காலை பதினொன்று, மாலை ஐந்து. ஒரே ஆள். காலையில் அண்ணன் போனான், மாலையில் நான்.

நர்ஸ் பெண் கட்டை விரலை அம்மாவின் புருவ எலும்பில் வைத்து அழுத்தினாள். தடுக்கப் போனேன். அதற்குள் அம்மாவின் வலது கை மெத்தையிலிருந்து எழுந்து, கொஞ்சம் அலைந்து, சரியாக அந்தக் கட்டை விரலைப் பிடித்துத் தள்ளியது. வளையலைக் கழற்றியிருந்தார்கள், சத்தமே இல்லை. "எம் ஃபைவ்" என்று எழுதிக்கொண்டாள். எம் என்றால் அசைவு. வலித்தால் கண் திறக்கிறது, அதற்கு இரண்டு. முனகலுக்கு இரண்டு. தள்ளியதற்கு ஐந்து. ஆக பதினைந்துக்கு ஒன்பது.

1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் போட்ட மயக்க அளவுகோல், ஜி.சி.எஸ். இதில் பூஜ்யம் கிடையாது. ஒன்றுமே செய்யாமல் கிடந்தாலும் மூன்று மார்க். என் வகுப்பில் சில பேர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

மே 16

தூக்கம் வரவில்லை. ஹெம்ஃபில் 2001 கட்டுரையை முழுசாகப் படித்தேன். மூளை ரத்தக் கசிவுக்கு எல்லா டாக்டரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஸ்கோர் அது. ஜி.சி.எஸ். 5-லிருந்து 12-க்குள் என்றால் ஒரு புள்ளி, 3 அல்லது 4 என்றால் இரண்டு. உறைந்த ரத்தக் கட்டி 30 மில்லியைத் தொட்டால் ஒன்று. மூளையின் நீர் அறைகளுக்குள் ரத்தம் இறங்கியிருந்தால் ஒன்று. சிறுமூளை, தண்டு பக்கம் என்றால் ஒன்று. வயது 80 ஆகியிருந்தால் ஒன்று.

அம்மாவுக்கு ஜி.சி.எஸ். ஒன்பது, ஒரு புள்ளி. அறைக்குள் ரத்தம் இருக்கிறது, இன்னொன்று. வயது 67, அது இல்லை. இடம் மேலே, அதுவும் இல்லை. மிச்சம் அந்த முப்பது மில்லிதான்.

ஸ்கோர் இரண்டு என்றால் முப்பது நாளில் இறந்தவர்கள் 26 சதவீதம். மூன்று என்றால் 72.

சி.டி. ஃபிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, ஓரத்தில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் கோட்டை வைத்து நானே அளந்தேன். நீளம் 4.8, அகலம் 3.6. உயரத்துக்கு வெட்டுப் படங்களை எண்ண வேண்டும். ஒரு படம் அரை சென்டிமீட்டர். எட்டுப் படத்தில் கட்டி தெரிகிறது, அதாவது 4.0. மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் 34.6 மில்லி. ஸ்கோர் மூன்று.

ஆனால் 1996-ல் கோத்தாரி குழு எழுதியபடி எல்லாப் படத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கட்டி பெரிதாகத் தெரியும் படத்தோடு ஒப்பிட்டு முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் ஒன்று, கால் முதல் முக்கால் வரை அரை, அதற்கும் கீழே போனால் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. என் கண்ணுக்கு ஐந்து முழுசு, மூன்று அரை. 3.25 சென்டிமீட்டர். திரும்பப் பெருக்கினால் 28.1 மில்லி. ஸ்கோர் இரண்டு.

ரிப்போர்ட்டில் 'சுமார் 34 மில்லி' என்று இருக்கிறது. யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள்?

பிறகு அந்த 72 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். சான் ஃபிரான்சிஸ்கோ, 1997-98, மொத்தமே 152 பேர். மூன்று புள்ளி எடுத்தவர்கள் 32 பேர். அதில் 23 பேர் இறந்தார்கள். உண்மையான சதவீதம் எதற்குள் இருக்கலாம் என்று நம்பிக்கை இடைவெளி போட்டால் 53-லிருந்து 86 வரை விரிகிறது. செகண்ட் இயர் பிள்ளை ஒருத்தி இதைக் கொண்டுவந்தால் 'சாம்பிள் பத்தாதும்மா' என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்குப் பிறகு பல ஊர்களில் சரிபார்த்துவிட்டார்கள், ஸ்கோர் கூடக் கூடச் சாவு கூடுகிறது, வரிசை கலையவில்லை என்பதும் தெரியும். வரிசை எனக்கு எதற்கு?

32-ல் 23 போனால் ஒன்பது பேர். அவர்கள் முப்பது நாளைத் தாண்டியிருக்கிறார்கள்.

மே 17

குற்றாலத்தில் திடீர் வெள்ளம் என்று டி.வி.யில் ஓடுகிறது. அக்கினி நட்சத்திர வெயில் தலைக்கு ஏறித்தான் இப்படி ஆச்சு என்று நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மா, மழையைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டாள். இப்போது காரணம் அண்ணன்.

"வயல விக்கணும்னு நீ கத்துன கத்துல தாம்ல அவளுக்கு நரம்பு வெடிச்சிச்சு." மாமா ஹாலில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னார். அண்ணன் வாயே திறக்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் சத்தத்தில் வெடிக்கிற நரம்பு இல்லை மாமா இது. ரத்தக் குழாய். பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரியும் நூல் மாதிரியான கிளைகள், முழு அழுத்தமும் அதில்தான் இறங்கும். வருஷக் கணக்கில் அடி வாங்கிச் சுவர் நைந்து போகும். பாரிஸில் ஷார்கோவும் புஷாரும் 1868-லேயே இறந்தவர் மூளையில் அந்தக் கிளைகளில் குட்டிக் குட்டி வீக்கங்களைப் பார்த்து எழுதிவிட்டார்கள். இதையெல்லாம் மாமாவிடம் சொல்ல முடியாது.

சொன்னாலும் அவர் பக்கம் ஒரு ஆதாரம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். இன்டர்ஸ்ட்ரோக் என்று 32 நாடுகளில் செய்த ஆய்வு. 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், பக்கவாதம் வந்ததற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, முந்தின நாள் அதே நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டு ஒப்பிட்டார்கள். கோபமும் மனக்கொதிப்பும் வாய்ப்பை மூன்றில் ஒரு பங்கு கூட்டுகின்றன. ரத்தக் கசிவுக்கு மட்டும் பார்த்தால் கனமான உடல் வேலையும் சேர்கிறது, 1.6 மடங்கு. அன்று காலை அம்மா கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து உருட்டிக்கொண்டு வந்ததை யாரும் சொல்வதில்லை. சிலிண்டரைத் திட்ட முடியாதே.

அது போக, எங்கள் வீட்டை அந்த ஆய்வில் சேர்த்தால் ஒன்றும் தேறாது. முந்தின நாள் அதே நேரத்திலும் வயல் சண்டைதான்.

இரவு 11. மூச்சு சரியில்லை என்று குழாய் போட்டுவிட்டார்கள். இனி வாய்க்கு மார்க் கிடையாது. அந்த இடத்தில் 'டி' என்று எழுதுகிறார்கள், டியூப் என்பதற்கு.

மே 18

காய்ச்சல் 100.8. இன்டராக்ட்-3 ஆய்வுக்காரர்கள் 99.5-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். ஈரத்துணி வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறோம் என்றாள் நர்ஸ்.

மே 19, ஞாயிறு

மாமா: "மண்டையத் திறந்து ரத்தத்த எடுத்துப் போட்டா சரியாப் போகும்லா? துட்டுக்குப் பாக்காதீங்க." சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. எனக்கும் அதே ஆசைதான்.

2005-ல் ஸ்டிச் ஆய்வு. 27 நாடுகள், 1,033 பேர். சீக்கிரமே அறுவை செய்தவர்களில் நல்லபடியாகத் தேறியவர்கள் 26 சதவீதம், மருந்தோடு நிறுத்தியவர்களில் 24. இவ்வளவுக்கும் டாக்டர் எந்தப் பக்கமும் போகலாம் என்று நினைத்த நோயாளிகளை மட்டுமே சேர்த்தார்கள். போன மாதம் வந்த என்ரிச் ஆய்வில் சின்னத் துளை வழியாக ரத்தத்தை உறிஞ்சி எடுத்துப் பலன் காட்டியிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனேன். பலன் மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டிக்குத்தான். ஆழத்தில் இருப்பவர்களைச் சேர்ப்பதையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஆழத்தில்.

நியூரோ சர்ஜன் சொன்னதும் அதுதான். அவர் அரை நிமிஷத்தில் சொன்னார்.

மே 20

பம்பில் மருந்து சொட்டுகிறது. மானிட்டரில் 138, 141, 136, 149, 137. 140-க்குக் கீழே வைக்கிறார்கள். அந்த 140-க்குப் பின்னால் இருப்பது 2013-ன் இன்டராக்ட்-2 ஆய்வு. 140-க்குக் கீழே இறக்கியவர்களில் இறந்தவர்களும் முடங்கியவர்களும் 52.0 சதவீதம், 180-க்குக் கீழே போதும் என்று விட்டவர்களில் 55.6. பி மதிப்பு, அதாவது பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, 0.06. 0.05-ஐத் தாண்டினால் பலன் இருக்கிறது என்று சொல்லக் கூடாது என்று பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது 0.06 நல்ல எண்ணாகத்தான் தெரிகிறது. போன வருஷம் இன்டராக்ட்-3 பிரஷர், சர்க்கரை, காய்ச்சல், ரத்தம் உறையாத கோளாறு நான்கையும் ஒரே மூச்சில் கட்டுப்படுத்தி, 7,000 பேரிடம், தெளிவாகப் பலன் காட்டியது. இந்தியா இருந்தது அதில். இலங்கையும்.

149 வந்தபோதெல்லாம் நர்ஸைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மே 21

"வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்னு பெரிய டாக்டர் சாடையாச் சொன்னாரு" என்றான் அண்ணன். சாடையாக என்றால் என்ன? என்ன வார்த்தை சொன்னார்? அவனுக்கு ஞாபகம் இல்லை. 'சான்ஸ் கம்மி' என்றாராம். மாமா தலையை ஆட்டினார். பெரியம்மா 'கஷ்டப்படுத்தாதீங்க' என்று அழுதாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கத்திவிட்டேன்.

2001-லேயே சியாட்டிலில் பெக்கர் என்ற டாக்டர் எழுதியது இது. நோயாளி பிழைக்க மாட்டார் என்று டாக்டர் நினைக்கிறார், வீட்டாரிடம் சொல்கிறார், குழாயை எடுக்கிறார்கள், நோயாளி இறக்கிறார். அந்தச் சாவு கணக்கில் ஏறுகிறது. அடுத்து அதே மாதிரி ஒருவர் வரும்போது கணக்கைப் பார்த்துப் பிழைக்க மாட்டார் என்கிறார்கள். 72 சதவீதத்துக்குள் எத்தனை பேர் ரத்தக் கசிவால் போனவர்கள், எத்தனை பேர் 'சான்ஸ் கம்மி'யால் போனவர்கள்? அந்த 23 பேரை எனக்குப் பிரித்துக் கொடுக்க யாராலும் முடியாது. அமெரிக்க வழிகாட்டி நெறியே, கைவிடும் முடிவைக் குறைந்தது இரண்டாவது முழு நாள் வரை தள்ளிப் போடுங்கள் என்கிறது. அந்த நாள் தாண்டிவிட்டது, அதனால் இப்போது கேட்கலாம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அதை அவர்களிடம் சொல்லவில்லை.

மதினி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "அத்தை கை தள்ளுதுல்லா. தள்ளுத வரைக்கும் இருக்கட்டும்."

மே 23

பில் கவுண்டர். காப்பீட்டு அட்டையில் அம்மா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதிலேயே பகல் போய்விட்டது.

மே 24

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன்.

அடுக்களை அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அம்லோடிபின் பிரஷர் மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து கொடுக்கும் பெண்ணிடம் வாங்கி வாங்கிப் போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. அந்தப் பெண் வெயிலில் நடந்து வருகிறாளே என்று மோர் கொடுப்பாள், 'சாப்பிடுதேன், சாப்பிடுதேன்' என்று நோட்டில் கையெழுத்தும் போடுவாள். மாத்திரையை ஆரம்பித்தால் சாகிற வரைக்கும் விட முடியாது என்பது அவள் கட்சி.

ரூஸ்வெல்ட்டுக்கு 1944-ல் ப்ரூன் என்ற இதய மருத்துவர் பார்த்தபோது 186/108. கொடுக்க அவர் கையில் என்ன இருந்தது? டிஜிட்டாலிஸ், தூக்க மருந்து, உப்பைக் குறை என்ற அறிவுரை. 1945 ஏப்ரல் 12, தலையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தார். அப்போது 300/190. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க ஜனாதிபதிக்குக் கிடைக்காத மாத்திரையை எங்கள் தெருவில் கதவைத் தட்டிச் சும்மா கொடுக்கிறார்கள். அம்மா அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைக்கிறாள்.

கோபம்தான் வருகிறது. அழுகை இல்லை.

பிரஷர் மெஷினையும் எடுத்து வந்தேன். பட்டனை அழுத்தினால் பழைய எண்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. 162/94. 118/76, இது மதினியாகத்தான் இருக்கும். 171/98. 139/85. 158/96. தேதியும் நேரமும் இருக்கின்றன, ஆள் பெயர் இல்லை. வீட்டில் எல்லாரும் ஒரே மெஷினில் பார்த்திருக்கிறார்கள். பிப்ரவரி 11, காலை 6.10, 184/102. ஆறு மணிக்கு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். மெஷின் முன்னால் உட்கார மாட்டாள்.

மே 27

தொண்டையில் துளை போட்டார்கள். வாய்க் குழாய் போனது. முகம் திரும்பக் கிடைத்தது.

மே 30

ஒன்பது பேர்.

ஜூன் 1

கூப்பிடாமலே கண் திறந்தாள். நான்கு மார்க். கண் என்னைத் தாண்டி எங்கோ போகிறது, அதற்கு மார்க் குறைப்பதில்லை. இடது பக்கம் நின்றால் ஆள் இருப்பதே தெரியவில்லை. வலது பக்கம் போய் நின்றேன். பார்த்தாள். யாரென்று பார்த்தாளா, வெறுமனே பார்த்தாளா, தெரியாது. மதினி வந்து "அத்தை, மொட்டு வச்ச பிச்சிப்பூ நேத்து விரிஞ்சிட்டு" என்றாள். அம்மாவின் வலது கை மதினியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்துதான் விரல்களைப் பிரித்தாள்.

மாமா நரசிம்மருக்கு நேர்ந்துகொண்டாராம். போகட்டும்.

ஜூன் 4

ஓட்டு எண்ணிக்கை. ஹாலில் டி.வி. சத்தம். முன்னிலை, பின்னடைவு, முன்னிலை. முதல் சுற்றிலேயே முடிவைச் சொல்லிவிடுகிற ஒருத்தர் எங்கேயும் இருக்கிறார். எதிர் நாற்காலிக்காரர் என்னிடம், "ஒங்க அம்மா நிலவரம் என்னம்மா?" என்றார். அவருடைய மகனுக்கு 24 வயது, பைக் விபத்து.

வென்டிலேட்டர் இல்லாமல் காலையிலிருந்து மாலை வரை மூச்சு விட்டாள்.

ஜூன் 7

வார்டுக்கு மாற்றினார்கள். மூக்குக் குழாய், தொண்டைத் துளை, சிறுநீர்க் குழாய். முடக்கத்தை அளக்கும் ராங்கின் அளவில் ஐந்து. ஆறு என்றால் சாவு.

நடுராத்திரி ஒரு கட்டுரை கிடைத்தது. இரண்டு பெரிய ஆய்வுகளின் நோயாளிகளை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். முப்பதாவது நாளில் நான்கிலோ ஐந்திலோ கிடந்தவர்கள் 715 பேர். வருஷம் முடியும்போது அவர்களில் 43 சதவீதம் பேர் மூன்றுக்கோ அதற்குக் கீழேயோ வந்துவிட்டார்கள். மூன்று என்றால் ஆள் துணை வேண்டும், ஆனால் தன் காலில் நடப்பார்கள். நான்கு தடவை படித்தேன். பிறகு வழக்கம் போல ஓட்டை தேடினேன். அவர்கள் எல்லாரும் ஆய்வில் சேர்க்கத் தகுந்தவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். நல்ல மருத்துவமனை, தினமும் பிசியோ. இங்கே பிசியோ பையன் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறான்.

ஹெம்ஃபில் கணக்கு ஜூன் 13-ஓடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்தக் கட்டுரைக்கு அம்மாவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

28-ஆ, 34-ஆ? நேற்று எடுத்த சி.டி.யில் கட்டி கரைந்து சுருங்கிவிட்டது. இனி அளந்தும் பயனில்லை. ஆனாலும் பழைய ஃபிலிமைத் திரும்ப எடுத்து அந்த மூன்று அரைப் படங்களைப் பார்த்தேன். ஒன்று கால் பங்குகூடத் தேறாது போலிருக்கிறது.

ஜூன் 9

வயலைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. அண்ணன் ராத்திரி முழுக்க நிற்கிறான். பெஞ்சில் படுக்கச் சொன்னால் தலை பாரமாக இருக்கிறது, படுத்தால் கூடுகிறது என்கிறான்.

பிப்ரவரி 11 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆறு மணிக்கு எழுந்து வயலுக்குப் போகிற ஆள் வீட்டில் ஒருத்தன்தான்.

ஜூன் 10

காலை 6.40. மெஷினை எடுத்துக்கொண்டு வார்டு வராந்தாவுக்குப் போனேன். "எனக்கு எதுக்குட்டி?" என்றான். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். காலைக் குறுக்காகப் போடாதே, பேசாதே, ஐந்து நிமிஷம் சும்மா இரு.

178/106.

"மெஷின் கோளாறு" என்றான். என் கையில் கட்டிப் பார்த்தேன். 122/78. திரும்ப அவனுக்கு. 174/104.

வலது கை, இடது கை இரண்டிலும் பார்க்க வேண்டும். எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு போடுவார்கள். அதற்குள் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனவன் இன்னும்